ஆட்டோகிராஸுக்கு முதல் டயர் செட்: நான்கு 200 டிரெட்வேர் டயர்கள், ஒரு மதிப்பீடு

தினமும் ஓட்டும் காரையே, கோன் வைத்த தடத்தில் கடிகாரத்தோடு ஓடும் ஆட்டோகிராஸ் போட்டிக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் கேட்பது டயரைப் பற்றித்தான். கேட்க வேண்டியதும் அதைத்தான். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ஸ்ட்ரட் பார் மூன்றையும் சேர்த்து மாட்டினாலும், ஒரு நல்ல டயர் செட் ஒரு ரன்னில் மிச்சப்படுத்தும் நேரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. இங்கே எடுத்துக்கொண்டவை நான்கு: பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052, ஃபால்கன் அஸெனிஸ் ஆர்டி660, ஹான்கூக் வென்டஸ் ஆர்-எஸ்4. நான்கின் பக்கச்சுவரிலும் டிரெட்வேர், அதாவது தேய்மானத் தர எண், 200 என்றுதான் அச்சிட்டிருக்கும். ஓட்டிப் பார்த்தால் நான்கும் நான்கு குணம்.

தீர்ப்பை முன்பே சொல்லிவிடலாம். ஒரே செட்டில் போட்டிக்கு ஓட்டிப் போய், ஓடி முடித்து, அதிலேயே வீடு திரும்புகிறவருக்கு ஆர்இ-71ஆர்எஸ். செலவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டுமென்றால் ஆர்டி660. ரேஸ் டிராக்கிலும் ஓட்டுகிறவருக்கு ஆர்-எஸ்4. நான்கில் பிடி அதிகமானது ஏ052. ஆனால் முதல் செட்டாக அது வேண்டாம். இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று உண்டு: முதல் சில போட்டிகளுக்கு இந்த நான்கில் எதுவுமே தேவையில்லை. காரணங்களைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

ஆட்டோகிராஸ் என்ற பெயர் சில நாடுகளில் மண் தடப் போட்டியைக் குறிக்கும். இங்கே பேசுவது அகலமான தார் அல்லது கான்கிரீட் தளத்தில் கோன் வைத்துத் தடம் போட்டு, ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு ஓடும் வகை. மண்ணில் ஓட இந்த டயர்கள் எதுவும் உதவாது.

200 என்ற எண் எங்கிருந்து வருகிறது

அமெரிக்காவில் விற்கும் கார் டயர்களுக்கு யுடிக்யுஜி என்ற தர முத்திரை உண்டு. டிரெட்வேர் எண் அதன் ஒரு பகுதி. டெக்சாஸில் 400 மைல் சாலைச் சுற்றில் கார்களை அணியாக 7,200 மைல், அதாவது ஏறக்குறைய 11,600 கிலோமீட்டர் ஓட்டி, கூடவே ஓடும் ஒப்பீட்டு டயர் தேய்ந்த அளவோடு வைத்துப் பார்ப்பார்கள். 100 என்றால் ஒப்பீட்டு அளவு. 200 என்றால் அதைப்போல இரு மடங்கு உழைக்கும் என்று பொருள். எண்ணை முத்திரையிடுவது அரசு அல்ல, டயர் கம்பெனியே. சோதனையில் வந்ததைவிடக் குறைத்துப் போட்டுக்கொள்ளவும் செய்யலாம்.

இந்த எண் ஆட்டோகிராஸுக்குள் வந்தது விதிகள் வழியாக. அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் சோலோ என்ற பெயரில் நடத்தும் ஆட்டோகிராஸ் போட்டிகளில், சாலைக் கார்களுக்கான ஸ்ட்ரீட் பிரிவில் குறைந்தது 200 டிரெட்வேர் இருக்க வேண்டும். பல கிளப்களும் அதே எல்லையை வைத்திருக்கின்றன. அதனால் 200 என்பது போட்டிக்கான நுழைவுச் சீட்டாகிவிட்டது. அந்த எண்ணைப் போட்டுக்கொண்டு எவ்வளவு ஒட்டும் ரப்பரைத் தரலாம் என்பதே கம்பெனிகளின் பந்தயம். தெருவில் ஓட்டினால் ஆர்-எஸ்4 தேய்வதற்குள் ஏ052 எப்போதோ முடிந்திருக்கும். இரண்டிலும் எண் ஒன்றே. ஆகவே இந்த வகை டயர்களை ஒப்பிட 200 என்ற எண் பயன்படவே படாது. விதிக்குள் அடங்குகிறதா என்று பார்க்க மட்டும் உதவும்.

ஒப்பிட வேண்டியது எவ்வளவு சீக்கிரம் சூடேறுகிறது என்பதை. ஆட்டோகிராஸில் ஒரு ரன் பெரும்பாலும் 40 முதல் 70 விநாடி. ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு ரன். இடையில் வரிசையில் நிற்கும்போது டயர் ஆறிவிடும். நாள் முழுக்கச் சேர்த்தாலும் கோன்களுக்கு நடுவே ஓடுவது ஐந்தாறு நிமிடம்தான். ரேஸ் டிராக்கில் இருபது நிமிடம் தொடர்ந்து ஓடும் டயருக்கும் இதற்கும் தேவையே வேறு. அங்கே சூட்டைத் தாங்க வேண்டும். இங்கே சூடில்லாமலே பிடிக்க வேண்டும். பிரேக் பேடுக்கும் இதே கணக்குதான். சூடேறினால் மட்டும் கடிக்கும் ரேஸ் பேடை மாட்டிக்கொண்டு வந்தால் முதல் திருப்பத்தில் கார் நிற்காது. நல்ல நிலையிலுள்ள கம்பெனி பேடு ஆட்டோகிராஸுக்குப் போதும்.

எப்போது வாங்குவது

காரில் இப்போது இருக்கும் டயர் சாதாரண சம்மர் டயராக இருந்து, தேய்மானக் குறிக்கு மேலே ரப்பர் இருந்தால், அதிலேயே தொடங்குங்கள். அது கத்தும். அந்தக் கத்தல்தான் தொடக்கக்காரருக்கு ஆசான். பிடியின் எல்லை நெருங்கும்போது மெல்லிய முனகல், எல்லையில் தெளிவான ஒலி, தாண்டியதும் அலறல் என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே வரும். 200 வகை டயர்கள் அவ்வளவு பேசாது. பிடியை விடுவதும் சட்டென்றுதான். போதாததற்கு, அதிகப் பிடி தவறான லைனையும், அதாவது தடத்தில் கார் போகும் பாதையையும், மன்னித்துவிடும். தவறு நடந்ததே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகும்.

ஆல் சீசன் டயர் இருந்தாலும் முதல் இரண்டு மூன்று போட்டிகளுக்குச் சமாளிக்கலாம். அதன் ட்ரெட் (தரையைத் தொடும் ரப்பர்) கட்டங்கள் உயரமாகவும் மென்மையாகவும் இருப்பதால் திருப்பத்தில் மடங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உணர்வீர்கள். முன் டயர்களில் கதவோரத் தகட்டில் போட்டிருக்கும் அழுத்தத்தைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ கூட்டி வைத்தால், பக்கச்சுவரில் பொறித்த உச்ச அளவைத் தாண்டாதவரை, மடங்குவது குறையும். மடங்கி மடங்கி வெளியோரத்தில் ரப்பர் துண்டு துண்டாகப் பெயரத் தொடங்கினால் அந்த டயரோடு நிறுத்திவிட வேண்டும். உள்கம்பி தெரிவது, பக்கச்சுவரில் வீக்கம், ஆழமான வெடிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போட்டிக்கு முந்தைய பரிசோதனையில் காரை ஓடவிட மாட்டார்கள், விடவும் கூடாது.

இருக்கும் டயர் தேய்ந்துபோய், எப்படியும் மாற்றியாக வேண்டிய நிலை என்றால்? அப்போதும் நேரே 200-க்குப் போக வேண்டாம். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற, டிரெட்வேர் 300 அளவிலுள்ள டயர் முதல் சீசன் முழுக்கத் தாங்கும். தேங்கிய தண்ணீரில் இந்த நான்கையும்விட நம்பகமானது, தினசரி ஓட்டத்துக்கும் வசதி.

200-க்கு மாற நேரம் வந்துவிட்டதை இரண்டு அறிகுறிகள் காட்டும். ஒன்று, கோன் தட்டாமல் ஓடிய ரன்கள் எல்லாம் அரை விநாடி வித்தியாசத்துக்குள் விழத் தொடங்கும். இரண்டாவது இன்னும் நம்பகமானது: அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரை உங்கள் காரில், உங்கள் டயரில் ஓடச் சொல்லுங்கள். நான்கு விநாடி குறைத்தால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு இன்னும் ஓடிப் பழகுங்கள். ஒரு விநாடிக்குள் வந்தால் டயர் வாங்கலாம். ஹெல்மெட் பல கிளப்களில் இரவல் கிடைக்கும். இந்தப் பழக்கம் கிடைக்காது.

பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஆர்இ-71ஆர்எஸ்

ஆட்டோகிராஸ்காரர்கள் ஆண்டுக்கணக்கில் ஓட்டிய ஆர்இ-71ஆர் டயரின் வாரிசு இது. ஜப்பானில் 2020-ல் வெளிவந்தது. இதன் பெரிய பலம் ஸ்டீயரிங். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் கையை அசைத்த மாத்திரத்தில் முன்பகுதி திரும்பும். கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலத்தில் இது நேரடியாக விநாடியாக மாறும். ஒவ்வொரு கோனுக்கும் முன்கூட்டியே திருப்பி வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் ரன்னிலேயே நம்பி ஓட்டலாம். இரண்டாவது, மூன்றாவது ரன்களில் உச்சத்துக்கு வரும். இரண்டு ஓட்டுநர்கள் பகிர்ந்துகொள்ளும் காரிலும் ஏ052 அளவுக்குச் சீக்கிரம் சோர்ந்துவிடாது.

ஈரத்தில் நன்றாகவே பிடிக்கும். தேங்கிய தண்ணீரில் மட்டும் எச்சரிக்கை தேவை, அதுவும் பாதிக்குமேல் தேய்ந்த பிறகு. பள்ளங்கள் அவ்வளவு ஆழம் இல்லாததால் நெடுஞ்சாலை வேகத்தில் கார் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும்.

குறை என்றால் வெளியோரத் தேய்மானம். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, போதாத முன்சக்கர டிரைவ் காரில் முன் டயரின் வெளியோரம் கரைந்து முடியும்போது, நடுப்பகுதியில் பள்ளம் இன்னும் பாதி மிச்சமிருக்கும். முன் பின் மாற்றிப் போடுவதைத் தள்ளிப்போடவே கூடாது. பலமுறை சூடேறி ஆறிய பிறகு ரப்பர் இறுகி, ட்ரெட் மீதம் இருக்கும்போதே பிடி குறைவதும் உண்டு. தேயத் தேயச் சாலை இரைச்சலும் கூடும்.

யோகோஹாமா அட்வான் ஏ052

முதல் ரன்னின் முதல் கோனிலிருந்தே பிடிக்கிறது. குளிர்ந்த காலையில், தூசு படிந்த தளத்தில், மற்றவர்கள் டயரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது இது வேலையைத் தொடங்கிவிடும். இலகுவான காரில், ஒரே ஓட்டுநர் ஓடினால், இந்த நான்கில் இதை வெல்வது கடினம். ஈரத் தளத்தில் இதன் பிடி பார்ப்பவர்களை வியக்க வைக்கும்.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? இதன் குணமே இதன் சிக்கல். குளிரில் பிடிக்கும் ரப்பர் வெயிலில் சீக்கிரம் உச்சத்தைத் தாண்டிவிடும். கனமான கார், சூடான தளம், இரண்டு ஓட்டுநர்கள் என்று மூன்றில் இரண்டு சேர்ந்தாலே ரன்களுக்கு நடுவில் தண்ணீர் தெளித்துக் குளிர வைக்க வேண்டிவரும். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு ஒன்று, பரப்புச் சூட்டைப் பார்க்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று, தெளிக்க ஓர் ஆள் என்று வேலை பெருகும். லைனையே இன்னும் கற்றுக்கொண்டிருப்பவருக்கு இது தேவையில்லாத சுமை. தடத்தை நடந்து பார்க்க வேண்டிய நேரத்தில் டயரைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

பக்கச்சுவர் ஆர்இ-71ஆர்எஸ் அளவுக்கு விறைப்பில்லை. ஸ்டீயரிங் பதில் ஒரு கணம் தாமதமாக வரும். தெருவில் தினமும் ஓட்டினால் கண்ணெதிரே கரையும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள அளவைவிட இது அகலமாக உட்காரும். வேறு கம்பெனியின் அதே அளவு டயர் உரசாமல் இருந்ததை வைத்து இதை வாங்கினால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ஃபெண்டர் லைனரிலோ ஸ்ட்ரட்டிலோ உரசலாம்.

ஃபால்கன் அஸெனிஸ் ஆர்டி660

பொதுவாக மேலே சொன்ன இரண்டையும்விட விலை குறைவாகக் கிடைப்பது. பிடியிலும் ஒரு படி கீழே. தொடக்கக்காரருக்கு அந்த ஒரு படி பெரிய இழப்பில்லை. சறுக்கத் தொடங்கினாலும் படிப்படியாகச் சறுக்கும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். சாதாரண டயரிலிருந்து மாறுகிறவருக்கு இந்த நான்கில் அந்நியமாகத் தோன்றாதது இதுவே.

குளிர்ந்த நாளில் முதல் ரன்னில் மந்தமாக இருக்கும். முதல் ரன்னைச் சுத்தமாக, கோன் தட்டாமல் முடித்துக் கணக்கில் ஒரு நேரத்தை வைத்துக்கொள்வது, இரண்டாவதிலிருந்து அழுத்துவது என்று திட்டமிட்டால் இந்தக் குறையே பழக்கமாகிவிடும். தொடக்கக்காரருக்கு அது நல்ல பழக்கமும்கூட. தேய்மானத்தில் சிக்கனத்தை எதிர்பார்க்க வேண்டாம். விலையில் மிச்சமானதைத் தேய்மானத்தில் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பீர்கள்.

ஹான்கூக் வென்டஸ் ஆர்-எஸ்4

இது நெடுந்தூரப் பந்தயக்காரர்களின் டயர். மணிக்கணக்கில் சூட்டைத் தாங்கும், ஒரே மாதிரி பிடிக்கும், மெதுவாகத் தேயும். ஆட்டோகிராஸில் அந்தப் பலம் வெளிப்பட வாய்ப்பே கிடைப்பதில்லை. குளிர்ந்த நாளில் முதல் இரண்டு ரன்னிலும் முன்பகுதி நேராகவே போகப் பார்க்கும். டயர் சூடாகித் திரும்பத் தொடங்கும்போது நாள் முடிந்துவிடும். குளிரும் மழையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஆனால் மாதம் ஒருமுறை ரேஸ் டிராக்கிலும் ஓட்டுகிறவர், தினசரி ஓட்டத்துக்கும் இதே செட்டை வைத்துக்கொள்ள நினைப்பவர் என்றால் நான்கில் கணக்குக்குக் கட்டுப்படியாவது இதுதான். வெயில் காலத்தில் இரண்டு பேர் பகிர்ந்து ஓட்டும் காரிலும் நன்றாக வேலை செய்யும். மற்ற டயர்களுக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் இது சரியான சூட்டுக்கு வந்திருக்கும்.

அளவு

அகலமான டயர் வாங்கிக் குறுகலான ரிம்மில் திணிப்பது பரவலாக நடக்கும் தவறு. ரிம் அகலத்தை மில்லிமீட்டராக மாற்றி, அதோடு 20 முதல் 40 வரை கூட்டிப் பாருங்கள். 7 அங்குல ரிம் 178 மிமீ. 205 அல்லது 215 பொருத்தம். 8 அங்குலம் 203 மிமீ; 225 அல்லது 235. இதே 7 அங்குல ரிம்மில் 245-ஐ ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்ளே இழுபட்டு, ட்ரெட்டின் ஓரங்கள் தளத்தில் சரியாக உட்காராது. திருப்பத்தில் டயர் ரிம்மின் மேல் சாயும். அகலம் கூடியும் நேரம் குறையவில்லை என்று புலம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது.

உயரத்தையும் கணக்கிடுங்கள். 205/55 ஆர்16 என்றால் அகலம் 205 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் விட்டம் 16 அங்குலம். 205/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 632 மிமீ. 225/50 ஆர்16-ம் 631 மிமீதான். கியர் கணக்கு மாறாது. 205/50 ஆர்16 போட்டால் 611 மிமீ. விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் குறைவதால் திருப்பத்திலிருந்து வெளியேறும் இழுவை கூடும், ஆனால் இரண்டாவது கியரின் உச்ச வேகமும் அதே அளவு குறையும். ஆட்டோகிராஸ் பெரும்பாலும் இரண்டாவது கியரில் நடப்பது. முன்பு 95 கிமீ வரை இழுத்த கியர் இப்போது 92-லேயே எஞ்சினின் சுழல்வேக எல்லையான லிமிட்டரில் முட்டும். உங்கள் கிளப் போடும் தடம் வேகமானதாக இருந்தால் இது தலைவலி. டயர் தாங்கும் எடையைக் காட்டும் லோடு இண்டெக்ஸ் கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது. ரிம் அகலம், ஆஃப்செட் (ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரும் அளவு) மாற்றுவதற்கு ஸ்ட்ரீட் பிரிவில் விதிக்கட்டுப்பாடு உண்டு. ரிம் வாங்குவதற்கு முன்பே விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

அழுத்தம்

எந்த டயர் வாங்கினாலும் கூடவே வாங்க வேண்டியது ஒரு நல்ல பிரஷர் கேஜ். 0 முதல் 60 பிஎஸ்ஐ வரை காட்டுவது, அரை பிஎஸ்ஐ துல்லியம் உள்ளது, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும் பொத்தான் உள்ளது. டயரைவிட்டுக் கழற்றாமலே அழுத்திக் குறைக்கலாம் என்பதால் ரன்களுக்கு நடுவே நேரம் மிஞ்சும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்றும் டிக்கியில் இருக்கட்டும்.

சஸ்பென்ஷன் மாற்றாத, 1,300 கிலோ அளவுள்ள முன்சக்கர டிரைவ் காருக்கு 200 வகை டயரில் முன்னே 36, பின்னே 34 பிஎஸ்ஐ தொடக்கப் புள்ளி. 1,050 கிலோ அளவுள்ள பின்சக்கர டிரைவ் ஸ்போர்ட்ஸ் காருக்கு நான்கு சக்கரங்களிலும் 29, 30 போதும். ஏ052 என்றால் இவற்றிலிருந்து இரண்டு பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்கலாம். இவை வெறும் தொடக்கம். சரியான எண்ணை டயரே காட்டும்.

அதைப் படிக்கும் முறை இது. முதல் ரன்னுக்கு முன், ட்ரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் வளைவின் குறுக்கே, சாக்பீஸால் இரண்டு விரல் நீளத்துக்குக் கோடு போடுங்கள். ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில். அந்த வளைவில் சிறிய முக்கோணக் குறி ஒன்று பொறித்திருக்கும். தேய்மானக் குறி எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக வைத்தது, நமக்கு அளவுகோலாகப் பயன்படுகிறது. ரன் முடிந்து வந்ததும் குனிந்து பாருங்கள். சாக்பீஸ் முக்கோணத்தின் நுனிவரை அழிந்திருந்தால் அழுத்தம் சரி. நுனியைத் தாண்டிப் பக்கச்சுவருக்குள் அழிந்திருந்தால் டயர் மடங்கி உருள்கிறது. இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். முக்கோணத்தைத் தொடவே இல்லையென்றால் காற்று அதிகம், இரண்டு குறையுங்கள். பிறகு ரப்பரின் பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியோரம் முழுக்க ஒரே சீரான சொரசொரப்பு இருந்தால் நல்லது. பென்சில் எழுத்தை அழித்த ரப்பர் துகள் போலச் சுருள் சுருளாக வெளியோரத்தில் மட்டும் திரண்டு, உள்ளோரம் பளபளவென்று தொடப்படாமல் இருந்தால் குறை அழுத்தத்தில் இல்லை, கேம்பரில் இருக்கிறது.

டயர் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ ஏறும். காலையில் சரியாக வைத்த அழுத்தம் மூன்றாவது ரன்னில் சரியாக இருக்காது. ஒவ்வொரு ரன்னும் முடிந்து காரை நிறுத்தியவுடன் அளந்து, அதே சூட்டு நிலை அழுத்தத்துக்குத் திருப்பி இறக்க வேண்டும். வெயில் ஒரு பக்கமாக விழும் இடத்தில் காரை நிறுத்தினால் அந்தப் பக்க டயர்கள் மட்டும் ஏறியிருக்கும், அதையும் பாருங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் தகட்டில் உள்ள அழுத்தத்துக்கு மீண்டும் நிரப்ப வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க இறக்கியதெல்லாம் ஆறியதும் நெடுஞ்சாலையில் குறை அழுத்தமாக நிற்கும்.

அதிகப் பிடி காரை என்ன செய்யும்

பிடி கூடினால் கார் அதிகமாகச் சாயும். ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள காரில் சாயச் சாய வெளிச்சக்கரம் கேம்பரை இழந்து, டயரின் வெளியோரத்தில் மட்டும் நிற்கும். கம்பெனி அமைப்பில் முன்னே அரை டிகிரி முதல் ஒரு டிகிரி நெகடிவ் கேம்பர்தான் இருக்கும். இந்த டயர்களுக்கு இரண்டு டிகிரிக்கு மேல் தேவை. விதி இடம் கொடுத்தால், ஸ்ட்ரட்டின் அடியிலுள்ள போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாகக் கேம்பர் போல்ட் போட்டு இன்னும் ஒரு டிகிரி, சில கார்களில் ஒன்றரை வரை பெறலாம். அதை மாட்டியதும் டோ, அதாவது சக்கரங்களின் முன்னோரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மாறிவிடும் என்பதால் அலைன்மென்ட் கட்டாயம். முன் டோவைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள்; நெடுஞ்சாலையில் கார் நேராகப் போகும், உள்ளோரமும் அநாவசியமாகத் தேயாது. போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்காவிட்டால் இரண்டாவது போட்டிக்குள் நழுவி, கேம்பர் பழையபடி ஆகிவிடும். இது அடிக்கடி நடக்கிறது.

உயரமான கார்களில் இந்த டயர் ஆபத்தும்கூட. சாதாரண டயர் சறுக்கித் தப்பிக்கும் இடத்தில் இது சறுக்காமல் பிடித்துக் காரைக் கவிழ்த்துவிடலாம். காரின் மொத்த உயரம் இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைவிட அதிகமாக இருந்தால் முதலில் கிளப்பிடம் கேளுங்கள். பல இடங்களில் அனுமதியே இல்லை.

பெட்ரோல் கால் தொட்டிக்குக் கீழே இருந்தால் நீண்ட திருப்பத்தில் பம்ப்பிலிருந்து விலகி ஒரு பக்கமாக ஒதுங்கி, வெளியேறும் நேரத்தில் எஞ்சின் திணறும். பழைய டயரில் வராத பிரச்சினை புது டயரில் வந்தால் காரணம் இதுதான். பாதித் தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் மேல் குறிவரை இருக்கட்டும். வீல் நட்டுகளைக் கார் கையேடு சொல்லும் டார்க்கில், பெரும்பாலான கார்களில் 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும், டார்க் ரெஞ்சால் முறுக்கி, முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை, போட்டியன்று காலையில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஒரே செட்டா, இரண்டா

தினமும் நெடுந்தூரம் ஓட்டுகிறவர் தனி ரிம்மில் தனி செட் வைத்துக்கொள்வது நல்லது. தெருவில் தேயாமல் மிஞ்சும் ரப்பரே ரிம்மின் விலையை நாளடைவில் ஈடுகட்டும். ஆனால் நான்கு சக்கரங்களும் ஜாக்கும் டார்க் ரெஞ்சும் காருக்குள் ஏற வேண்டும்; பின் இருக்கை மடங்காத காரில் இது நடக்காது. போட்டி இடத்தில் மாற்ற அரை மணி நேரமாவது போகும், அந்த அரை மணி தடத்தை நடந்து பார்க்கும் நேரத்திலிருந்துதான் வரும். குறைவாக ஓட்டுகிறவருக்கு ஒரே செட் போதும். ஆர்இ-71ஆர்எஸ்-ஐ முதலில் வைத்ததற்கும் இதுவே காரணம். சாலையிலும் மழையிலும் சகித்துக்கொள்ளக்கூடிய வேகமான டயர் அதுதான். தனி ரிம் வந்து, ஓட்டமும் கைவந்த பிறகு ஏ052-ஐப் பற்றி யோசிக்கலாம்.

வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத் தயாரிப்பு. ஒட்டும் ரப்பர் சும்மா இருந்தாலே இறுகும். இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்த டயரைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் போட்டிக்கு வாங்காதீர்கள். நான்கு டயரின் தேதியும் ஓரளவு நெருங்கியிருக்கட்டும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியோ, வெளிப்பக்கம் என்ற குறியோ இருந்தால், மாட்டி முடித்ததும் நான்கையும் நீங்களே சுற்றிப் பாருங்கள். புது டயரின் மேல் அச்சு வார்ப்பின் வழவழப்பு இருக்கும். 100, 150 கிலோமீட்டர் நிதானமாகச் சாலையில் ஓட்டியபின் போட்டிக்குக் கொண்டுபோங்கள்.

சீசன் முடிந்ததும் வெயில் படாத, வறண்ட இடத்தில் வையுங்கள். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். உறைநிலைக்கு அருகே குளிர்ந்த நிலையில் இந்த வகை டயரை உருட்டினாலோ வளைத்தாலோ ரப்பர் விரிசல் விடலாம், அதைத் தயாரிப்பாளரின் வாரண்டியும் ஏற்காது. காரிலேயே மாட்டி வெளியில் நிறுத்திவைக்காமல் கழற்றி வீட்டுக்குள் வைத்து, குளிர் முடிந்தபின் அறைச் சூட்டுக்கு வந்த டயரை மாட்டுங்கள்.